பிரெஞ்சுப் பாட்டை இன்னொருவர் காதுக்குக் கொண்டுபோவது எப்படி

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாட்டு அனுப்புங்கள். பிரெஞ்சுப் பாப் விஷயத்தில் இதுதான் முதல் விதி. நாற்பது பாட்டு உள்ள பிளேலிஸ்ட் வந்து விழுந்தால் யாரும் முதல் இரண்டைத் தாண்டுவதில்லை. மொழி தெரியாது, பெயர்கள் தெரியாது, எங்கே தொடங்குவது என்றும் தெரியாது. ஒரு பாட்டு, அதை ஏன் அனுப்பினீர்கள் என்று இரண்டு வரி, சரியான பதிவுக்குப் போகும் லிங்க். இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் கேட்டுவிடுவார்கள். மூன்றில் எது எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதைப் பார்ப்போம்.

அதற்கு முன் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே எல்லாப் பெயரையும் பிரெஞ்சு உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறோம். சொல்லிப் பழக இது உதவும், தேடுபெட்டிக்கு உதவாது. நண்பருக்கு அனுப்பும்போது கலைஞர், பாட்டு, ஆல்பம் மூன்றின் பெயரையும் பிரெஞ்சு எழுத்திலேயே எடுத்து ஒட்டி, பக்கத்தில் ஆண்டையும் போடுங்கள். எழுத்தின் மேல் வரும் கோடு, புள்ளிகளை விட்டுவிட்டாலும் பெரும்பாலான தளங்கள் கண்டுபிடித்துவிடும். ஆண்டை மட்டும் விடாதீர்கள். பிரெஞ்சுக் கலைஞர்கள் பலர் அன்றாடச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டவர்கள். ‘போம்’ என்றால் ஆப்பிள், ‘லா ஃபாம்’ என்றால் பெண், ‘ஏர்’ என்றால் காற்று. வெறும் பெயரைத் தட்டினால் வேறு யாரோ வந்து நிற்பார்கள்.

ஆளைப் பார்த்துப் பாட்டு

‘மொழி புரியாதே’ என்று சொல்லக்கூடியவருக்கு, வரிகள் அழகு என்பதற்காக ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் இப்போது எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று கவனியுங்கள். பாஸ் கிட்டாரா, வயலின் கூட்டமா, சிந்தசைசரா, தனிக்குரலா? அதே சத்தம் உள்ள பிரெஞ்சுப் பாட்டு ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

பாஸும் ஆர்கெஸ்ட்ராவும் பிடித்தவருக்கு செர்ழ் கேன்ஸ்பூரின் ‘இஸ்துவார் த மெலொதி நெல்சன்’, 1971. வாத்திய அமைப்பு ழான்-குளோத் வானியே. ஏழே பாட்டு, மொத்தம் 28 நிமிடம் அளவுதான். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் மட்டும் தலா ஏழு நிமிடத்தைத் தாண்டும், நடுவில் உள்ளவை சின்னச் சின்னவை. முதல் பாட்டில் கேன்ஸ்பூர் பாடுவதே இல்லை, காதருகே முணுமுணுக்கிறார். பாட்டை இழுத்துக்கொண்டு போவது பாஸ் கிட்டார். இதை போன் ஸ்பீக்கரில் கேட்டவர்கள் ‘ஒருத்தர் என்னவோ பேசிக்கொண்டிருக்கிறார்’ என்று மூடிவிடுவார்கள். தவறு அவர்களுடையது அல்ல. பாஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியைக் கொடுக்க முடியாது. பாஸ் போய்விட்டால் மிஞ்சுவது முணுமுணுப்புதான். ‘ஹெட்போனில் கேள், முழு ஆல்பமும் அரை மணி நேரம்கூட இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

கிட்டாரும் மெல்லிய குரலும் போதும் என்பவருக்கு பிரான்சுவாஸ் ஆர்தியின் ‘லா கெஸ்தியோன்’, அதுவும் 1971. பிரேசில் நாட்டு இசைக்கலைஞர் துக்காவோடு சேர்ந்து செய்தது. டிரம்ஸ் அநேகமாக இல்லை, மூச்சு விடுவதுகூடக் கேட்கும். இன்றைய குரல் வேண்டுமென்றால் போமின் ‘லே ஃபாய்’, 2019.

சிந்தசைசர் பிரியருக்கு டாக்ஸி கேர்ல் குழுவின் ‘ஷெர்ஷே ல கார்சோன்’, 1980. இந்தக் குழுவில் இருந்த மிர்வைஸ்தான் பின்னாளில் மடோனாவின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராகப் போனார். மடோனா கேட்டு வளர்ந்தவருக்கு இந்த ஒரு தகவல் போதும், பாட்டைத் திறந்துவிடுவார். அது பிடித்தால் அடுத்தது ஃபிஷ்பாக்கின் ‘ஆ தா மெர்சி’, 2017. 1980களின் குளிர்ந்த சிந்தசைசர் ஒலியை எடுத்துக்கொண்டு, அதன் மேல் அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல். இதன் பக்கத்திலேயே வைக்க வேண்டியவர் சேன்-நஸேர் ஊர்க்காரரான ஸாஓ த சகஸான். முதல் ஆல்பம் 2023இல் வந்தது.

ஆட வேண்டும் என்பவருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ழூலியெத் அர்மனேயின் ‘ல தெர்னியே ழூர் து திஸ்கோ’, 2021. அல்லது கிளாரா லூசியானியின் ‘லா கிரெனாத்’, 2018.

கர்நாடக சங்கீதம் கேட்கிறவருக்கு கமீயின் ‘ல ஃபீல்’ ஆல்பத்தை விட்டு வேறு எதையும் முதலில் கொடுக்காதீர்கள். 2005இல் வந்தது. ‘ஃபீல்’ என்றால் நூல். ஆல்பம் முழுக்க ஒரே ஒரு சுரம், ‘பி’ என்னும் சுரம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்கூட அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுருதிப்பெட்டி ஒலிப்பது போலத்தான். பெரும்பாலான ஒலிகளைக் குரலாலேயே செய்திருக்கிறார்கள். இங்கே நடக்கும் தப்பு ஷஃபிள். பாட்டு வரிசை கலைந்தாலும் நூல் அறும், ஒரு பாட்டு இன்னொன்றோடு கலக்கும்படி கிராஸ்ஃபேடை இயக்கி வைத்திருந்தாலும் அறும். இரண்டையும் நிறுத்தச் சொல்லி, ஆல்பத்தின் முதல் பாட்டிலிருந்து கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து தானே பாட்டு பதிவு செய்கிற நண்பர் யாராவது இருப்பார். அவருக்கு தொமினிக் ஆவின் ‘லா ஃபொசெத்’, 1992. நாந்த் நகரத்து லிதியம் என்ற சின்ன லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வெளியிட்டது. மலிவான கருவிகள், ஒல்லியான ஒலி, நடுவில் வெட்கமில்லாமல் நேராகப் பாடும் குரல். பிரான்சில் பின்னால் வந்த, பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி ஆட்கள் பலருக்கு ‘இவ்வளவு வைத்துக்கொண்டே ஆல்பம் போடலாம்’ என்று காட்டியது இதுதான்.

யாருக்கும் முதல் பாட்டாக அனுப்பக்கூடாத நல்ல ஆல்பங்களும் உண்டு. பிரிழித் ஃபோந்தேன், ஆர்ட் என்சாம்பிள் ஆஃப் சிகாகோ என்ற ஜாஸ் குழுவோடு சேர்ந்து செய்த ‘கொம் ஆ லா ராதியோ’ அப்படிப்பட்டது. பியேர் பரூ தொடங்கிய சரவா லேபிளின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. ஆனால் காது பழகாதவருக்கு அது திண்ணென்ற சுவர். மூன்று நான்கு பாட்டுக்கு நல்ல பதில் வந்த பிறகு அனுப்புங்கள்.

எந்தப் பதிவு?

ஒரே பாட்டு ஐந்து வடிவத்தில் கிடக்கும். தவறான ஒன்று போய்ச் சேர்ந்தால் நீங்கள் எழுதிய குறிப்புக்கும் அவர் கேட்பதற்கும் சம்பந்தம் இருக்காது.

முதல் குழப்பம் மொழி. 1960களின் பிரெஞ்சுப் பாடகர்கள் தங்கள் வெற்றிப் பாட்டுகளை இத்தாலியன், ஜெர்மன், ஆங்கிலத்திலும் பாடி வெளியிட்டார்கள். ஆர்தியை முதன்முதலில் புகழுக்குக் கொண்டுவந்த 1962ஆம் ஆண்டுப் பாட்டு ‘து லே கார்சோன் எ லே ஃபீய்’ இத்தாலியனிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. மெட்டு அதேதான் என்பதால் லிங்க் எடுக்கும் அவசரத்தில் மாறிப்போகும். இந்தக் காலத்திலும் இது நடக்கிறது. கிறிஸ்டீன் அண்ட் தி குயீன்ஸின் ‘ஷலர் யூமேன்’, 2014, பின்னர் ஆங்கில வரிகளோடு இன்னொரு வடிவத்தில் வந்தது. அதில் ‘டில்டட்’ என்று இருக்கும் பாட்டு, பிரெஞ்சு ஆல்பத்தில் ‘கிறிஸ்தீன்’.

இரண்டாவது, 1960களின் ஆல்பங்கள். அன்றைய பிரான்சில் இளைஞர்கள் வாங்கியது நான்கு பாட்டு கொண்ட, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சின்ன இசைத்தட்டு. அவற்றைத் தொகுத்து வந்த நீள்தட்டுகள் பலவற்றுக்குத் தனிப்பெயரே கிடையாது, முதல் பாட்டின் பெயரால் பிறகு அழைக்கப்பட்டவை. அதனால் ஸ்ட்ரீமிங் தளத்தில் அந்தக் காலப் பாட்டைத் தேடினால் முதலில் வருவது ஏதோ ஒரு தொகுப்பு. அங்கே போட்டிருக்கும் ஆண்டு அந்தத் தொகுப்பின் ஆண்டு. 1962 பாட்டுக்குப் பக்கத்தில் 2013 என்று இருப்பதைப் பார்த்து ‘புது ஆள் போல’ என்று நினைப்பவர்கள் உண்டு. இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அசல் வெளியீட்டு ஆண்டைச் சரிபார்த்துக் கையால் எழுதுங்கள், அரை நிமிட வேலை.

மூன்றாவது, பாடியவர் யார் என்பது. கேன்ஸ்பூரின் ‘ழ தேம் முவா நோன் ப்ளூ’ உலகத்துக்குத் தெரிந்தது 1969இல் ஜேன் பிர்கினோடு பாடிய வடிவம். அதற்கு முன் 1967இல் பிரிழித் பர்தோவோடு பதிவு செய்தது 1986 வரை வெளிவரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து அனுப்பினால் நல்ல பாடம். ஒன்றைச் சொல்லி மற்றதை அனுப்பினால் குழப்பம்.

‘லைவ்’, ‘ரீமிக்ஸ்’, ‘ரேடியோ எடிட்’ என்று பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெலொதி நெல்சன் மாதிரி நிதானமாக ஏறும் இசைக்கு, வெட்டிய வடிவம் மோசமான அறிமுகம்.

இரண்டு வரிக் குறிப்பு

இந்த வேலையிலேயே பலன் அதிகம் தருவது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘செம பாட்டு, கேளு’ என்பது குறிப்பு ஆகாது. ‘இந்தப் பாடகி 1944இல் பாரீஸில் பிறந்தார்’ என்பதும் ஆகாது. கேட்பவருக்கு ஒரே ஒரு பிடிமானம் கொடுக்க வேண்டும். அவர் காது எதன் மேல் நிற்க வேண்டும் என்று முதல் வரியில் சொல்லுங்கள். தெரிந்தால் பாட்டு மாறிவிடும் என்கிற மாதிரி ஒரு விஷயத்தை இரண்டாம் வரியில் வையுங்கள்.

லே ரீத்தா மித்சுகோவின் ‘மர்சியா பைலா’, 1984, நல்ல உதாரணம். முதல் கேட்பில் அது தெருவே ஆடும் கொண்டாட்டம். யாரைப் பற்றிய பாட்டு என்றால், மர்சியா மொரெத்தோ என்ற நடனக்கலைஞரைப் பற்றியது. புற்றுநோயால் இறந்தவர். பாடகி கத்தரீன் ரேங்கேர் அவரோடு வேலை செய்தவர். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை கேட்டால் அதே தாளம் தொண்டையை அடைக்கும். ஆகவே இந்தப் பாட்டுக்குக் குறிப்பை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். முதலில் லிங்க்கோடு: ‘டிரம்ஸைக் கவனி, உட்கார்ந்திருக்க முடியாது.’ அவர் கேட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகு: ‘இது இறந்துபோன ஒரு நடனக்காரிக்கு எழுதிய பாட்டு. இன்னொரு தரம் கேள்.’ ஒரே பாட்டு இரண்டு பாட்டாகிவிடும்.

சில பாட்டுக்குத் தலைப்பிலேயே பிடிமானம் இருக்கும். 1965இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் லக்சம்பர்க் சார்பில் பிரான்ஸ் கால் பாடி வென்ற ‘புப்பே த சீர், புப்பே த சோன்’ கேன்ஸ்பூர் எழுதியது. ‘சீர்’ என்றால் மெழுகு. ‘சோன்’ என்றால் பொம்மைக்குள் திணிக்கும் தவிடு, அதே சொல்லுக்கு ஒலி என்றும் பொருள். தவிட்டுப் பொம்மை, ஒலிப் பொம்மை இரண்டும் ஒரே சொல்லில். யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடும் சின்னப் பெண் அந்த வரியைப் பாடுகிறாள். சிலேடையில் ஊறிய தமிழ்க் காதுக்கு இதைப் பொழிப்புரை போட்டு விளக்க வேண்டியதில்லை, இரண்டு அர்த்தத்தையும் சொன்னால் போதும். ‘லா கிரெனாத்’ கூட அப்படித்தான். மாதுளம்பழத்துக்கும் கையெறி குண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே பெயர்.

முழுப் பாட்டையும் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு ஒட்டாதீர்கள். பிரெஞ்சுப் பாட்டுவரிகளில் பேச்சுவழக்கும் சொல்விளையாட்டும் அதிகம், இயந்திரம் அவற்றை நேர்ப்பொருளில் எடுத்துச் சப்பென்று ஆக்கிவிடும். தவிர, வரிகளுக்குக் காப்புரிமை உண்டு. பிரான்சில் எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். பாட்டு எதைப் பற்றியது என்று உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு வரி எழுதினால் போதுமானது, நன்றாகவும் இருக்கும்.

உச்சரிப்பைச் சொல்லிக் கொடுங்கள்

பெயரைச் சொல்ல வாய் வந்துவிட்டால் கேட்பவர் அந்தக் கலைஞரை மறக்க மாட்டார். ஆங்கிலம் வழியாக வரும்போதுதான் பிரெஞ்சு கடினம். தமிழ் வழியாக வந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

பிரெஞ்சின் ‘த’வும் ‘ப’வும் நம் ‘த’, ‘ப’ போலவே ஒலிப்பவை. ஆங்கிலப் பழக்கத்தில் ‘டொமினிக்’ என்று எழுதுகிறோம், நாக்கு பல்லைத் தொடும் ‘தொமினிக்’தான் சரி. ‘ஹார்டி’ அல்ல, ‘ஆர்தி’, ஏனென்றால் அந்த மொழியில் ‘ஹ’ ஒலிப்பதில்லை. சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் வாயில் வராது. அர்மனேவுக்கும், ஃபாரெவர் பவோ என்ற இசைக்குழுப் பெயருக்கும் எழுத்தில் கடைசியில் ஒரு ‘த்’ நிற்கும், சொல்லும்போது இருக்காது.

மூக்கொலி உயிர் என்று பயமுறுத்துவார்கள். நாம் பேச்சில் ‘அவன் வந்தான்’ என்னும்போது அந்தக் கடைசி ‘ன்’னுக்கு நாக்கு மேலே போய் ஒட்டுவதில்லை, ஒலி மூக்கில் கரைந்துவிடுகிறது. ‘சோன்’, ‘கார்சோன்’ என்பதன் கடைசி ஒலி அதே குடும்பம். எழுத்துத் தமிழில் படிக்காமல் பேச்சுத் தமிழில் சொன்னால் வந்துவிடும்.

இன்னொன்று புணர்ச்சி. தொமினிக் ஆவின் ‘ல குராழ் தேஸுவாஸோ’ என்ற பாட்டுப் பெயரில் ‘தே’ தனிச்சொல், ‘உவாஸோ’, அதாவது பறவைகள், தனிச்சொல். தனியாக இருக்கும்போது ஊமையாக நிற்கும் ‘ஸ்’, அடுத்த சொல் உயிரில் தொடங்கியதும் விழித்துக்கொண்டு அதோடு ஒட்டுகிறது. அதே போல, பேச்சில் விழுங்கிவிடும் கடைசி ‘எ’ பாட்டில் தனி அசையாக வந்து மெட்டை நிரப்பும். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர் ‘எழுத்து ஒன்று, பாடுவது ஒன்றாக இருக்கிறதே’ என்று குழம்பினால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

லிங்க்

அவர் எந்தச் செயலியில் பாட்டு கேட்கிறார் என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் ஓடெஸ்லி போன்ற சேவையில் உங்கள் லிங்க்கை ஒட்டினால், ஸ்பாட்டிஃபை, டீஸர், ஆப்பிள், யூடியூப் என்று எல்லாவற்றுக்கும் வழிகாட்டும் ஒரே பக்கம் கிடைக்கும். அது பொருத்தித் தரும் பாட்டு எப்போதும் சரியாக இருக்காது, முக்கியமாகப் பல வடிவம் உள்ள பழைய பாட்டுகளில். அனுப்பும் முன் ஒன்றிரண்டைத் திறந்து பாருங்கள்.

ஸ்பாட்டிஃபை லிங்க்கின் வாலில் கேள்விக்குறிக்குப் பின் வரும் நீளமான எழுத்துத் தொடர், யார் பகிர்ந்தது என்று பின்தொடர்வதற்கு. கேள்விக்குறியோடு சேர்த்து வெட்டிவிடலாம், லிங்க் வேலை செய்யும். யூடியூபின் குறுகிய லிங்க்கிலும் அப்படியே. ஆனால் யூடியூபின் நீளமான முகவரியில் கேள்விக்குறிக்கு அடுத்து வருவதுதான் வீடியோவின் அடையாளம். அதை வெட்டினால் முகப்புப் பக்கம்தான் திறக்கும்.

யூடியூபில் எடுப்பதாக இருந்தால் கலைஞர் அல்லது லேபிளின் சொந்தச் சானலில் இருந்தோ, ‘டாபிக்’ என்று முடியும் தானியங்கிச் சானலில் இருந்தோ எடுங்கள். ரசிகர் ஏற்றியது ஒருநாள் காணாமல் போகும், வேகமும் சில சமயம் மாற்றியிருப்பார்கள். பிடிமானம் பாட்டின் நடுவில் இருந்தால், பகிரும்போது ‘தொடங்கும் நேரம்’ குறிக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாமல், ‘இரண்டாவது நிமிடம் வரைக்கும் பொறு’ என்று எழுதுவது மேல். நடுவிலிருந்து தொடங்கினால், ஏறிவந்த சுகம் போய்விடுகிறது.

நாடு மாறினால் உரிமம் மாறும். உங்களுக்கு ஓடும் பாட்டு வேறு நாட்டில் இருப்பவருக்குச் சாம்பல் நிறத்தில் அணைந்து கிடக்கலாம். பிரான்சுக்கு வெளியே லேபிள் இல்லாத சின்னக் கலைஞர்களிடமும் பழைய பட்டியல்களிலும் இது நடக்கும். அப்போது, கலைஞர்கள் தாங்களே பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்பில் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பாக அனுப்புவது வேண்டாம். எம்பி3ஐ வாட்ஸ்அப்பில் தள்ளினால் பெயர் தொலையும், கலைஞருக்கு ஒன்றும் போகாது, கேட்டவர் அடுத்த பாட்டைத் தேட ஒரு நூல்முனைகூட இருக்காது.

அதிகம் அறியப்படாத கலைஞர்களை எங்கே பிடிப்பது

பிரான்சில் 1994இல் ஒரு சட்டம் வந்தது. 1996 ஜனவரியிலிருந்து, தனியார் வானொலிகள் அதிகம் பேர் கேட்கும் நேரத்தில் ஒலிபரப்பும் பாட்டுகளில் குறைந்தது 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டாக இருக்க வேண்டும், அதில் பாதி புதிய திறமைகளுக்கோ புதிய வெளியீடுகளுக்கோ போக வேண்டும் என்பது அதன் அடிப்படை விகிதம். ஏர், ஃபீனிக்ஸ் மாதிரி வெர்சாயிலிருந்து வந்து ஆங்கிலத்தில் பாடி உலகம் சுற்றியவர்கள் ஒருபக்கம் இருக்க, தாய்மொழியில் பாடும் புதியவர்களுக்கும் ஓர் இடம் நிலைத்திருக்கிறது. ஆனாலும் பெரிய வானொலிகள் சில பேரையே சுற்றிச் சுற்றிப் போடும். நமக்குத் தேவை அதற்கு வெளியே.

முதல் இடம் ஃபிப். ரேடியோ பிரான்சின் நிலையம், 1971 முதல் இயங்குகிறது. ஜாஸுக்குப் பின் சான்சோன் என்னும் பிரெஞ்சுப் பாடல், அதற்குப் பின் ராக் என்று கலந்து போடும். இணையத்தில் எங்கிருந்தும் கேட்கலாம். எந்த நேரத்தில் என்ன ஓடியது என்ற பட்டியலும் தளத்திலேயே இருக்கும். பாட்டு பிடித்தால் மணியைக் குறித்துக்கொண்டு பிறகு தேடுங்கள்.

இரண்டாவது லா சூத்தெரேன், ‘நிலத்தடி’ என்று பொருள். பிரெஞ்சில் பாடும், யாரும் அறியாத ஆட்களைத் தொகுத்துத் தொகுத்து பேண்ட்கேம்பில் வெளியிட்ட முயற்சி. பலவற்றுக்கு விலையை வாங்குபவரே வைத்துக்கொள்ளலாம். தொகுப்பை அப்படியே நண்பருக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் கேட்டு, ஒன்றை எடுத்து, அந்தக் கலைஞரின் சொந்தப் பக்கத்தின் லிங்க்கை அனுப்புங்கள்.

மூன்றாவது லேபிள் வழி. பாரீஸின் பார்ன் பேட் ரெக்கார்ட்ஸ் 2006இல் தொடங்கியது. கரடுமுரடான கராஜ் ராக்கும் உண்டு, மறந்துபோன பழைய பிரெஞ்சுப் பதிவுகளின் தொகுப்புகளும் உண்டு. 1960களின் திரைப்பட இசை வாசனை வீசும் ஃபாரெவர் பவோவின் ‘ராப்சோத்’, 2014, அங்கே வந்ததுதான். பெர்திரான் பூர்காலாவின் திரிகாதெல், நேர்த்தியான வாத்திய அமைப்பு பிடித்தவர்களுக்கு. ஒரு லேபிளில் இரண்டு பேர் பிடித்துவிட்டால் மூன்றாவது ஆளையும் நம்பிக் கேட்கலாம்.

எங்களுக்கு இருப்பதிலேயே பிடித்தது நான்காவது வழி, பின்னணியில் வாசித்தவர்களைப் பின்தொடர்வது. ஒரு சங்கிலியை முழுசாகப் பார்ப்போம். மெலடீஸ் எக்கோ சேம்பர் என்ற பெயரில் மெலொதி புரோஷே 2012இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார். தயாரித்தது டேம் இம்பாலா என்ற ஆஸ்திரேலிய இசைக்குழுவின் கெவின் பார்க்கர், அதனால் உலகம் முழுக்கக் கேட்டார்கள். மேடையில் அவருக்கு கிட்டார் வாசித்த பாப்லோ பதோவானி தனியாகத் தொடங்கியது மூதோயித், 2014இல் ‘ல மோந்த் மூ’. அந்தக் குழுவில் வாசித்த மோத் நதால் பிறகு ஆலோ மோத் என்ற பெயரில் 2018இல் ‘ழ சுயி யூன் ஈல்’, அதாவது ‘நான் ஒரு தீவு’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். டேம் இம்பாலா தெரிந்த நண்பருக்கு இந்த மூன்று படியையும் வாரத்துக்கு ஒன்றாக அனுப்பிப் பாருங்கள். கடைசிப் படியில் நிற்பவர் அவர் தாமாகத் தேடியிருந்தால் எட்டியிருக்கவே முடியாத ஆள். ஆனால் அதற்குள் காது தயாராகியிருக்கும். டிஸ்காக்ஸிலும் பேண்ட்கேம்ப் பக்கத்தின் அடியிலும் வாசித்தவர்கள் பெயர் இருக்கும்.

சின்னக் கலைஞருக்குக் காசு போய்ச் சேர

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்கில் சேரும். 2024 முதல், கடந்த 12 மாதத்தில் குறைந்தது 1,000 கேட்பு வராத பாட்டுக்குப் பதிவுரிமைத் தொகை கிடையாது. பெரிய பெயர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. நீங்கள் அனுப்பும் ஆளுக்கு இது வாசற்படி. ஆகவே 980இல் நிற்கும் பாட்டை இருபது பேருக்கு, கேட்கக்கூடியவர்களாகப் பார்த்து அனுப்புவதில் உண்மையாகவே பலன் உண்டு. எண்ணிக்கை தெரியும் இடத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பல பாட்டில் 300, 400 என்று சிதறுவதைவிட ஒரு பாட்டில் குவிப்பது நல்லது.

வாங்கக்கூடியவர் என்றால் பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், இசைத்தட்டு, சட்டை போன்றவற்றில் 10, அதோடு பணப்பரிமாற்றக் கட்டணம். மிச்சம் கலைஞருக்கோ லேபிளுக்கோ. ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் நாட்களில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது, வாங்குவதை அந்த நாளுக்குத் தள்ளிவைக்கலாம். ஆல்பத்தைப் பரிசாக இன்னொருவருக்கு அனுப்பும் வசதியும் உண்டு. நண்பரின் பிறந்தநாளுக்கு ஒரு முழு ஆல்பம், மேலே சொன்ன இரண்டு வரிக் குறிப்போடு.

‘இன்னும் அனுப்பு’ என்று கேட்டால்

இப்போது பிளேலிஸ்ட் போடலாம். பத்துப் பன்னிரண்டு பாட்டு, 40 நிமிடத்துக்குள். ஏற்கெனவே அவருக்குப் பிடித்துப்போன பாட்டை இரண்டாவதாக வையுங்கள். முதலிடத்தில் புதுப் பாட்டு, உடனே தெரிந்த முகம், பிறகு மறுபடி புதியவர்கள். ஒரே கலைஞரை இரண்டு முறை வைக்காதீர்கள். 1960களின் பதிவையும் 2020களின் பதிவையும் ஒட்டி வைத்தால் ஒலியளவு தூக்கிப்போடும். செயலியில் ஒலியைச் சமன் செய்யும் அமைப்பை இயக்கச் சொன்னாலும், பழைய பதிவின் மெல்லிய அடித்தளமும் புதியதின் கனத்த பாஸும் மோதத்தான் செய்யும். இடையில் ஆர்தியைப் போலக் கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள ஒன்றைச் சொருகினால் காது சுதாரித்துக்கொள்ளும். கமீயையும் மெலொதி நெல்சனையும் பிளேலிஸ்டில் வெட்டி வைக்காமல் ஆல்பமாகவே தனியே கொடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் செயலி தன் இஷ்டத்துக்கு வேறு பாட்டைத் தொடரும், நண்பர் அதையும் நீங்கள் வைத்ததாக நினைப்பார். தானாகத் தொடர்வதை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது கடைசிப் பாட்டின் பெயரைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ஒரு வாரமாகப் பதில் இல்லை என்றால் ‘கேட்டாயா’ என்று நச்சரிக்க வேண்டாம். அடுத்த முறை பேசும்போது, ‘எந்த இடத்தில் நிறுத்தினாய்?’ என்று கேளுங்கள். முதல் பத்து விநாடியில் என்றால் பாட்டின் ஒலி அவருக்குப் பொருந்தவில்லை, வேறு வாத்தியத்துக்கு மாறுங்கள். நடுவில் என்றால் நீளம் சிக்கல், மூன்று நிமிடத்துக்குள் உள்ளதை எடுங்கள். ‘இரண்டு தரம் கேட்டேன், ஆனால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை’ என்றால் அதே கலைஞரின் அடுத்த பாட்டை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.